ஸ்கேனர் என்று நாம் சொல்லும் சதுரம்

தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் பணியாற்றும் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போக, செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலும் அதன் பிறகு ஒரு ஷேர் ஆட்டோவும் பிடிக்க வேண்டும். சென்ற கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமை, வழியில் எத்தனை கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் கண்ணில் படுகின்றன என்று எண்ணிக்கொண்டே போனேன். டீக்கடையில் பிஸ்கட் பாட்டில் மேல் ஒன்று. ரயில் நிலையச் சுவரில், செயலி வழியே பயணச்சீட்டு எடுப்பதற்காக ஒன்று. பெட்டிக்குள் சமோசா விற்றவரின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய அட்டையில் ஒன்று. ஷேர் ஆட்டோவில் ஓட்டுநர் இருக்கையின் பின்புறம், தெருமுனைப் பிள்ளையார் கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில், இளநீர் வண்டியில், செருப்புத் தைப்பவரின் மரப்பெட்டியில் என்று பள்ளி வாசலை அடைவதற்குள் இருபத்து மூன்று ஆகிவிட்டது. வகுப்பில் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் இயலின் தொடக்கத்திலேயே இருபத்து நான்காவது சதுரம்.

நம் பாடநூல் இதை விரைவுக் குறியீடு என்கிறது. கடைத்தெருவில் அப்படி யாரும் சொல்வதில்லை. "அக்கா, ஸ்கேனர் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். உண்மையில் ஸ்கேன் செய்யும் வேலையைச் செய்வது வாங்குபவரின் கைப்பேசி. ஒட்டியிருக்கும் தாள் எதையும் ஸ்கேன் செய்வதில்லை, எதையும் பார்ப்பதில்லை. அது அச்சடித்த தாள், அவ்வளவுதான். பேச்சு வழக்கில் பெயர் மாறிப்போனால் என்ன என்று நானும் இருந்திருப்பேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்ன செய்திதான் அந்தப் பெயருக்குள் ஒரு பயமும் ஒளிந்திருப்பதைக் காட்டியது.

"டீச்சர், எங்க அம்மா ஸ்கேனர எடுத்து உள்ள வச்சுட்டாங்க. அது காச இழுத்துடுதாம்."

அவளுடைய அம்மா பேருந்து நிறுத்தத்தில் பூ விற்பவர். முந்தைய வாரம் ஒரு மாலை நேரத்தில் யாரோ வந்து இரண்டு மாலையும் பத்து முழம் மல்லியும் வாங்கி, கைப்பேசியைத் தட்டி, பச்சை நிற 'டிக்' தெரிந்த திரையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இரவு மகள் அம்மாவின் கைப்பேசியைத் திறந்து பார்த்தபோது அந்தப் பணம் வரவே இல்லை. ஒரு நாள் கொள்முதலுக்கான காசு அது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில்தான் ஏதோ இருக்கிறது, அதைக் காட்டினால் காசு போய்விடுகிறது என்று முடிவு செய்து அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார். இப்போதோ "ஜிபே இல்லையா?" என்று கேட்பவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டுக்கு இப்படிக் கணக்குப்பிள்ளையாகவும் இருக்கிறார்கள். காசு வந்ததா என்று பார்ப்பதும், மின்கட்டணம் கட்டுவதும், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வதும் அவர்கள் வேலை. பன்னிரண்டு வயதில் இந்தப் பொறுப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது அவர்கள் தோளில்தான் இருக்கிறது. எனவே அந்தச் சதுரம் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. 6 முதல் 8 வரை கணிதப் புத்தகத்தில் தகவல் செயலாக்கம் என்று ஓர் இயல் இருக்கிறது. அதற்குரிய பாடவேளைகளில் நான்கை இதற்கென்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் கைப்பேசி தேவைப்பட்டது ஒரே ஒரு நாள்தான், அதுவும் என்னுடையது.

சதுரம் பிறந்த கதை பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹரா என்ற பொறியாளரும் அவருடைய சிறு குழுவும் இதை உருவாக்கினார்கள். பணம் செலுத்த அல்ல, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. அதுவரை இருந்தது, இன்றும் சோப்பு உறையில் பார்க்கும் கோடு கோடான பட்டைக் குறியீடு. அதில் செய்தி இடமிருந்து வலமாக ஒரே திசையில்தான் இருக்கும், ஏறக்குறைய இருபது எழுத்துகள்தான் கொள்ளும். ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி, தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் 'கோ' என்ற விளையாட்டு, செய்தியைக் குறுக்காகவும் நெடுக்காகவும் அடுக்கலாமே என்ற எண்ணத்தைத் தந்ததாக ஹரா சொல்லியிருக்கிறார். மிகப் பெரிய சதுரத்தில் 7,089 இலக்கங்கள் வரை அடங்கும். காப்புரிமை இருந்தும் அந்த நிறுவனம் அதைப் பிறர்மீது பயன்படுத்தவில்லை. நம் ஊர் இளநீர் வண்டிவரை அது வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த நாள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சதுரத்தைப் பெரிதாக நகலெடுத்துக் கொடுத்து, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் இருப்பதை எல்லோரும் உடனே சொன்னார்கள். நான்காவது மூலையில் ஏன் இல்லை என்ற கேள்வியைப் பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். "நாலும் இருந்தா எது மேல எது கீழன்னு தெரியாது டீச்சர்" என்று அவனே பதிலையும் சொல்லிவிட்டான். கைப்பேசியை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் அது படித்துவிடுவது இதனால்தான்.

அந்த மூலைச் சதுரத்தைக் கட்டம் கட்டமாக எண்ணச் சொல்லுங்கள். வெளியே ஒரு கட்டம் அகலமுள்ள கறுப்பு வேலி, அதற்குள் ஒரு கட்டம் வெள்ளை, நடுவில் மூன்றுக்கு மூன்று கறுப்பு. நடுவழியாகக் கோடு இழுத்தால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பவை 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். படுக்கையாக, செங்குத்தாக, மூலைவிட்டமாக என்று எப்படி இழுத்தாலும், கோடு மையத்தின் வழியே போனால் விகிதம் மாறாது. ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது சர்க்கரையும் காப்பித்தூளும் கலந்து கலந்து அலுத்துப்போன நமக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஏன் இந்த விகிதம் என்றால், ஹராவின் குழு துண்டறிக்கைகள், பத்திரிகைகள், அட்டைப்பெட்டிகள் என்று அச்சில் வந்தவற்றை எல்லாம் அலசி, அவற்றில் மிக அரிதாக வரும் கறுப்பு வெள்ளை விகிதம் எது என்று பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தது. கேமரா ஒரு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த விகிதம் தென்பட்ட இடத்தில் 'இதோ சதுரம்' என்று கண்டுபிடித்துவிடும்.

பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மிகச் சிறிய சதுரம் பக்கத்துக்கு 21 கட்டம். அடுத்தது 25, அதற்கடுத்தது 29 என்று நான்கு நான்காகக் கூடி 177 வரை போகும். மொத்தம் எத்தனை அளவுகள் என்று கேட்டால் கூட்டுத்தொடர் வரிசையின் கணக்கு கையில் வந்துவிடும், விடை 40. டீக்கடைச் சதுரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு வந்த ஒரு குழு "33 டீச்சர், நாலாவது அளவு" என்றது. அந்தக் குழுவுக்குக் கூட்டுத்தொடரை நான் தனியாக நடத்தவில்லை. அவர்கள் எட்டாம் வகுப்பு.

மீதிக் கட்டங்களில்தான் செய்தி இருக்கிறது. கறுப்பு 1, வெள்ளை 0 என்று வைத்துக்கொண்டு எட்டுக் கட்டங்களை ஒரு கூட்டாகப் படித்தால் ஓர் ஆங்கில எழுத்து கிடைக்கும். வெள்ளையோ கறுப்போ ஒரே இடத்தில் திட்டாகச் சேர்ந்துவிட்டால் கேமரா தடுமாறும் என்பதால், கட்டங்களை ஓர் ஒழுங்கில் நிறம் மாற்றிக் கலைத்துப்போடும் எட்டு முறைகளில் ஒன்றையும் பயன்படுத்துகிறார்கள். எந்த முறை என்பதும் சதுரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இந்தப் பகுதியை நான் வகுப்பில் விரைவாகக் கடந்துவிட்டேன். ஒன்றைச் சொன்னதற்கு மட்டும் நல்ல ஆரவாரம்: தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று கூட்டுகள் வேண்டும். 'அம்மா' என்று தமிழில் எழுதினால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், பதினைந்து கூட்டுகள். ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கே கூட்டுகள். "அப்ப தமிழ் ஸ்கேனர் பெருசா இருக்குமா?" என்றார்கள். நீளமான செய்தியானால் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். பூக்கடை அட்டையில் எப்போதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும். மீன் கடையில் செதில் ஒட்டியிருக்கும். இட்லிக் கடையில் சட்னி. பிறகு எப்படி அது படிக்கப்படுகிறது? என் கைப்பேசி வகுப்புக்கு வந்தது இந்த நாளில்தான். அச்செடுத்த சதுரத்தின் நடுப்பகுதியில் சிறு சிறு காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்தோம். மூன்று துண்டு, நான்கு துண்டு ஒட்டியும் படித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு எல்லாத் துண்டுகளையும் எடுத்துவிட்டு, ஒரு மூலைச் சதுரத்தை மட்டும் மறைத்தோம். படிக்கவில்லை. மறைத்தது சிறிய இடம்தான். ஆனால் அது முகவரிப் பலகையைப் பெயர்த்தெடுத்ததற்குச் சமம்.

கறைபட்ட பகுதியைச் சதுரம் எப்படி மீட்கிறது என்பதற்கு ஒரு மாயவித்தை காட்டினேன். கணினியே இல்லாமல் கணினியியல் கற்பிப்பதற்காக நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பட்ட செயல்பாடுகளில் இது ஒன்று. செய்முறை எளிது. பழைய நாட்காட்டி அட்டைகளை 36 சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். ஒரு மாணவரை அழைத்து ஐந்துக்கு ஐந்தாக 25 அட்டைகளை, கறுப்பும் வெள்ளையும் அவர் விருப்பம்போல் வைக்கச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் கடினமாக்கலாமே" என்று சொல்லியபடி நீங்கள் ஆறாவது நிரலும் ஆறாவது நிரையும் சேருங்கள். ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் கறுப்பின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி அட்டையை வைக்க வேண்டும், அதுதான் தந்திரம். பிறகு திரும்பி நின்றுகொள்ளுங்கள். யாராவது ஒருவர் ஏதேனும் ஓர் அட்டையை மட்டும் புரட்டட்டும்.

நீங்கள் திரும்பியதும் கறுப்பு ஒற்றைப்படையாக இருக்கும் நிரையைத் தேடுங்கள். ஒற்றைப்படையாக இருக்கும் நிரலையும் தேடுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பதே புரட்டப்பட்ட அட்டை. என் வகுப்பில் மூன்று முறை செய்த பிறகும் "ஜன்னல் கண்ணாடியில பாக்குறீங்க டீச்சர்" என்றுதான் குற்றம்சாட்டினார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்தேன். நான்காவது முறை கரும்பலகையில் எண்ணிக்கையை எழுதிக்காட்டிய பிறகு ஒரு பெண் பிடித்துவிட்டாள். அதன்பின் வகுப்பே வித்தைக்காரர்கள்.

கேள்வியை அதோடு விடாதீர்கள். ஒரே நிரையில் இரண்டு அட்டைகளைப் புரட்டினால்? அந்த நிரை இரட்டைப்படையாகவே இருக்கும், இரண்டு நிரல்கள் மட்டும் ஒற்றைப்படையாகும். தவறு நடந்திருக்கிறது என்று தெரியும், எந்த நிரையில் என்று தெரியாது. விரைவுக் குறியீட்டில் இருப்பது இதைவிட வலுவான முறை. ரீடு, சாலமன் என்ற இரு அமெரிக்க கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்டது. குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு கேட்பதற்கும், வாயேஜர் விண்கலம் யுரேனஸிலிருந்தும் நெப்டியூனிலிருந்தும் அனுப்பிய படங்கள் சிதையாமல் வந்ததற்கும் பின்னால் இருப்பது அதுதான். சதுரத்தை உருவாக்கும்போதே எவ்வளவு சேதத்தைத் தாங்க வேண்டும் என்று நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஏறக்குறைய 7, 15, 25, 30 விழுக்காடு. சில சதுரங்களின் நடுவில் நிறுவனத்தின் சின்னத்தைத் தைரியமாக ஒட்டிவைத்திருப்பதும் இந்தத் தாங்கும் சக்தியை நம்பித்தான். சரிபார்ப்பதற்கென்றே கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பது சதுரத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அப்படிப்பட்ட சரிபார்ப்பு இலக்கம்தான். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க எண்ணிலும் கடைசி இலக்கம் அதுவே.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பூக்கார அம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது. காசு எப்படிப் போனது?

கடையில் ஒட்டியிருக்கும் சதுரத்தைப் படித்தால் உள்ளே கிடைப்பது ஒரு வரி. இது பணம் செலுத்துவதற்கான குறியீடு, பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி இது, பெயர் இது. அவ்வளவே. அதில் பணம் இல்லை, வங்கிக் கணக்கின் ரகசியம் இல்லை. வீட்டு வாசலில் கதவு எண் எழுதியிருப்பதைப் போன்றது. கதவு எண்ணைப் பார்த்தவர் வீட்டுக்குள் இருப்பதை எடுத்துப்போக முடியாது. ஆகவே அட்டையைக் காட்டியதால் அவர் காசு இழுக்கப்படவில்லை. காசு வரவே இல்லை, வந்ததாகக் காட்டப்பட்டது.

இதை விளக்கச் சொற்களைவிட ஒரு நாடகம் உதவியது. 2016இல் தொடங்கிய யூபிஐ முறையில் பணம் நகர்வதற்கு நடுவில் என்.பி.சி.ஐ. என்ற தேசிய அமைப்பு இருக்கிறது. வாங்குபவர், அவருடைய வங்கி, என்.பி.சி.ஐ., கடைக்காரரின் வங்கி, கடைக்காரர் என்று ஐந்து மாணவர்களை வரிசையாக நிறுத்தினேன். ஆறாவது மாணவன் கடைக்காரர் பக்கத்தில் இருக்கும் பேசும் பெட்டி. கடையில் 'சவுண்ட் பாக்ஸ்' என்று சொல்வார்கள். வாங்குபவர் முகவரியும் தொகையும் எழுதிய சீட்டைத் தன் பின் எண்ணோடு தன் வங்கியிடம் கொடுப்பார். வங்கி கணக்கில் கழித்துக்கொள்ளும், செய்தி என்.பி.சி.ஐ. வழியாகக் கடைக்காரரின் வங்கிக்குப் போகும், அங்கே வரவு வைக்கப்படும். பேசும் பெட்டியான பையனுக்கு ஒரே விதி: வரவு வைத்த பக்கத்திலிருந்து தோளைத் தட்டினால் மட்டும் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்த வேண்டும். நிஜப் பெட்டியும் அப்படித்தான். அதற்குள் ஒரு சிம் இருக்கிறது, செய்தி அதற்குத் தனி வழியில் வருகிறது. வாங்குபவரின் கைப்பேசியோடு அதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை.

இரண்டாவது ஆட்டத்தில், பச்சை டிக் வரைந்த தாள் ஒன்றை வாங்குபவரிடம் கொடுத்தேன். அவள் வங்கியிடம் போகாமல் நேராகக் கடைக்காரரிடம் தாளை நீட்டினாள். நடுவில் நின்ற மூவரும் சும்மா நின்றார்கள். பேசும் பெட்டிப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைக்காரராக நின்றிருந்தது பூக்கார அம்மாவின் மகள்தான். "அவங்க போன்ல இருக்குறது அவங்க போன்ல இருக்குறதுதான். என் போன்ல வரணும்" என்றாள். இதைவிடச் சுருக்கமாக நான் ஒரு விதியைச் சொல்லியிருக்க முடியாது.

இன்னும் இரண்டு செய்திகளை நாடகத்திலேயே நடித்துக் காட்டலாம். ஒன்று, பின் எண் என்பது பணம் அனுப்புவதற்கு, பெறுவதற்கு அல்ல. பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தச் சதுரத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அவர் கேட்பது நம் பணத்தை. மற்றது, சதுரத்துக்குத் தான் யாருடையது என்று நிரூபிக்கத் தெரியாது. கடைக்காரர் அட்டைமேல் வேறொருவர் தன் சதுரத்தை ஒட்டிவிட்டுப் போனால், கேமரா அதையும் அதே பணிவோடு படிக்கும். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்து, "இந்தப் பேர்தானே அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் பின் எண்ணைப் போடும் பழக்கத்தை என் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் காலையில் கடை திறக்கும்போது தன் அட்டையை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், நேரம் போகப் போகப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம். இந்த எண்ணை வகுப்புச் சுவரில், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறோம்.

அந்த அம்மாவுக்குப் பேசும் பெட்டி வாங்கலாமே என்று சொல்வது எளிது. பல இடங்களில் அதற்கு மாத வாடகை உண்டு, நாளுக்கு இருநூறு முந்நூறு மிஞ்சும் தொழிலில் அது ஒரு செலவு. மகள் வேறு வழி கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு எழுத்துதான் தெரியாது, எண்கள் நன்றாகத் தெரியும். முழக்கணக்கு, ரூபாய்க்கணக்கு எல்லாம் மனக்கணக்கு. தன் கைப்பேசியில் வரவுப் பட்டியலைத் திறந்து, மேல் வரியில் இருக்கும் தொகை தான் கேட்ட தொகைதானா என்று பார்க்க அவருக்கு இரண்டு மாலை நேரங்கள் போதுமாக இருந்தன. அட்டை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. போன 640 ரூபாய் வரவில்லை. ஆனால் மகளுக்கு இப்போது மாலையில் கடைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே ஓட வேண்டியதில்லை.

நம் பாடநூல் சதுரத்துக்கு வருகிறேன். 2018இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து இது இருக்கிறது. 2017இல் தொடங்கப்பட்ட திக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய காணொலிகளுக்கும் பயிற்சிகளுக்கும் இது வழிகாட்டும். கடைச் சதுரத்தைப் போலவே இதுவும் ஒரு முகவரிதான். பாடத்தின் காணொலி அச்சுக்குள் இல்லை, தளத்தில் இருக்கிறது. அதனால் புத்தகத்தை மாற்றாமலே தளத்தில் புதிய காணொலியைச் சேர்க்க முடிகிறது. அதனாலேயே இணையம் இல்லாத வகுப்பறையில் அந்தச் சதுரம் வாய் திறக்காது. இரவல் புத்தகத்தில் சதுரத்தின் மூலை கிழிந்திருந்தால், அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து எண் குறியீட்டைத் தளத்தில் தட்டச்சு செய்தாலும் அதே பக்கம் வரும். இதைப் பல ஆசிரியர்களே கவனித்ததில்லை என்பதைக் குறுவள மையக் கூட்டத்தில் பேசும்போது தெரிந்துகொண்டேன். பெற்றோரின் கைப்பேசி இரவு எட்டு மணிக்கு மேல்தான் கைக்குக் கிடைக்கும் பிள்ளைகளிடம் "வீட்டில் ஸ்கேன் செய்து பாருங்கள்" என்று சொல்வதைவிட, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதே காணொலியைக் காட்டிவிடுவது மேல் என்பது என் அனுபவம்.

நான்காவது பாடவேளையின் முடிவில் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். பலவற்றுக்கு அன்றே விடை சொல்ல முடிந்தது. ஒன்று மட்டும் அடுத்த வாரத்துக்கு நீண்டது. விடுமுறையில் விமான நிலையம் வரை மெட்ரோ ரயிலில் போய்வந்த பையன் எழுதியது: "மெட்ரோல எங்க மாமா போன்ல வந்த ஸ்கேனர கேட்ல காட்டுனாரு. அதையே போட்டோ எடுத்து இன்னொருத்தர் காட்டுனா கதவு திறக்குமா?"

கடையில் சதுரம் ஒட்டியிருக்கிறது, நம் கைப்பேசி படிக்கிறது. மெட்ரோவில் சதுரம் நம் கையில் இருக்கிறது, வாயில் படிக்கிறது. கடைச் சதுரம் ஆயிரம் பேருக்கும் ஒன்றே, ஏனென்றால் அது முகவரி. பயணச்சீட்டின் சதுரம் ஒரு பயணத்துக்கு ஒன்று, அது வரிசை எண் போட்ட சீட்டு. ஒரு முறை உள்ளே விட்டதும் அந்தச் சீட்டு உள்ளே போய்விட்டது என்று கணினி குறித்துக்கொள்ளும். படம் எடுத்து வைத்திருப்பவர் அதே சதுரத்தைத்தான் காட்டுவார். ஆனால் கதவைத் திறப்பது சதுரம் அல்ல, அந்தக் குறிப்பேடு. இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மாமாக்கு முன்னாடி அவர் போய்க் காட்டிட்டா?" என்றான். மாமாதான் வெளியே நிற்பார் என்றேன். வகுப்பு சிரித்து முடிக்கச் சிறிது நேரமானது. அதற்குள் இன்னொருத்தி, அப்படியானால் சீட்டின் படத்தை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.